லீக்கா, யூனியனா: இரண்டாம் தவணைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வழக்கமாக நம் சிட்னி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இந்தக் கடிதத்தில் வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், எச்.எஸ்.சி (பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வு) தமிழ் எடுக்கும் பிள்ளைகளின் விவரம் எல்லாம் இருக்கும். இந்த முறை முழுக்க ரக்பிதான், அதில் லீக், யூனியன் என்று இரண்டு வகை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. சில வாரங்களாக வகுப்பு முடிந்து வாசலில் நிற்கும்போதும், வட்ஸ்அப்பிலும், கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போதும்கூட என்னிடம் வருவது ஒரே கேள்வி: "சேர், மகனை லீக்கில் விடுறதா, யூனியனில் விடுறதா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பதில் இதுதான். 13, 14 வயதில் இதை முடிவு செய்யத் தேவையே இல்லை. நேரமும் உடம்பும் இடம் கொடுத்தால் இரண்டையும் ஆடட்டும். முடிவு செய்தே தீர வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருக்காக என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் பெற்றோரில் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பமே இங்கே வந்த பிறகு வந்ததுதான். கண்டியிலோ கொழும்பிலோ படித்த அப்பாமாருக்கு ரக்பி என்றால் யூனியன் மட்டும்தான், ரோயல் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் மோதிக்கொள்ளும் பிராட்பி கேடயப் போட்டிதான். யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவர்களுக்கு உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் தெரியும், இது புதிது. ஆனால் நாம் குடியிருப்பது வென்ட்வேர்த்வில், துங்காபி, பென்டில் ஹில் பக்கம். இது பரமட்டா ஈல்ஸ் என்ற லீக் கிளப்பின் ஊர். பக்கத்து வீட்டுப் பிள்ளை நீலமும் மஞ்சளும் போட்டுக்கொண்டுதான் பந்து எறிவான், நம் பிள்ளையும் அதையே கேட்பான். அதே பரமட்டாவின் வட பக்கத்தில் கிங்ஸ் ஸ்கூல் இருக்கிறது, அங்கே யூனியன். பத்து நிமிடக் கார் ஓட்டத்துக்குள் இரண்டு ஆட்டமும், இரண்டு விதமான உலகமும் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: யூனியனில் ஒரு பக்கம் 15 பேர், ட்ரைக்கு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதற்கு) 5 புள்ளி. லீக்கில் 13 பேர், ட்ரைக்கு 4 புள்ளி. பெரிய வித்தியாசம் ஆளைப் பிடித்து வீழ்த்திய பிறகு நடப்பதில்தான் இருக்கிறது. லீக்கில் வீழ்த்தப்பட்டவன் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவான், பின்னால் நிற்பவன் எடுத்து ஓடுவான். ஆறு முறை பிடிபட்டால் பந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். யூனியனில் வீழ்த்தப்பட்டவன் உடனே பந்தை விட்டுவிட வேண்டும், இரு பக்கத்தாரும் அவன் மேலே நின்று தள்ளிக்கொண்டு பந்துக்குப் போட்டியிடுவார்கள், இத்தனை முறைதான் என்ற கணக்கு இல்லை. அதோடு கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிந்து எட்டிப் பிடிக்கும் லைன்-அவுட், இரு அணியின் முன் ஆட்கள் கோத்துக்கொண்டு உண்மையாகவே பலம் காட்டித் தள்ளும் ஸ்க்ரம் எல்லாம் யூனியனில் உண்டு.

போன குளிர்காலத்தில் எங்கள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், சின்ன வயதிலிருந்து லீக் ஆடியவன், பள்ளி அணிக்காக முதல் முறை யூனியன் ஆடினான். நான் பார்க்கப் போயிருந்தேன். பந்தோடு நன்றாக ஓடினான், பிடித்து விழுத்தினார்கள். பழக்கதோஷம், பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து, காலுக்குக் கீழே வைக்கப் பார்த்தான். விசில். ஏன் என்று புரியாமல் நடுவரைப் பார்க்கிறான், பக்கத்தில் நின்றவன் "விடுடா பந்தை" என்று ஆங்கிலத்தில் கத்துகிறான். இரண்டாம் பாதியில் அதே பையன் விழும்போதே உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, பந்தைத் தன் ஆட்கள் பக்கம் வைத்துவிட்டு உருண்டு விலகினான். அவ்வளவுதான், ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டான். யூனியனிலிருந்து லீக்குக்கு வரும் பிள்ளைக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: விழுந்தவன்மேல் குனிந்து பந்தைப் பிடுங்கக் கை போகும், அங்கே அது தண்டனை. ஓடுவது, பிடிப்பது, பாஸ் கொடுப்பது, தலையைச் சரியான பக்கம் வைத்து ஆளை வீழ்த்துவது, இதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஒன்றில் படித்தது மற்றதில் வீணாகாது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். "லீக் முரட்டுப் பிள்ளைகளின் ஆட்டம், யூனியன் டாக்டர், வக்கீல் ஆகிற பிள்ளைகளின் ஆட்டம்" என்று நம்மில் சிலர் பேசுவது என் காதில் விழுகிறது. இந்தப் பேச்சுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பிரிந்துபோனது எதற்காக? சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை ஆடப்போனால் கூலி போய்விடும், அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்ட வேண்டும் என்றார்கள், ரக்பியை நடத்திய மேலிடம் மறுத்தது. சிட்னியிலும் அதேபோல்தான்: அடிபட்டு வேலைக்குப் போக முடியாதவனுக்கு ஈடு கிடையாது என்ற கோபத்தில் 1907இல் தனி லீக் அமைப்பு உருவாகி 1908இல் போட்டிகள் தொடங்கின. யூனியன் ஆட்டக்காரர் சம்பளம் வாங்கலாம் என்று அனுமதி வந்ததே 1995இல்தான். ஆக, கூலிக்காரன் கூலி கேட்டதால் பிறந்த ஆட்டம் லீக். நம் தாத்தாமார் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மூக்கைச் சுளிக்கலாம்.

1995க்குப் பிறகு இரண்டுக்கும் நடுவே இருந்த மதிலில் ஆள் போகும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. 2003 உலகக் கோப்பை யூனியன் இறுதியாட்டம் நம் சிட்னியில் நடந்தது. அன்று இரு பக்கமும் ஆளுக்கொரு ட்ரை, ஆஸ்திரேலியாவுக்கு லோட்டே துக்கிரி, இங்கிலாந்துக்கு ஜேசன் ராபின்சன். இரண்டு பேருமே லீக்கிலிருந்து வந்தவர்கள். சோனி பில் வில்லியம்ஸ் லீக்கிலிருந்து யூனியனுக்குப் போய் 2011இல் நியூசிலாந்துக்காக உலகக் கோப்பை வென்று, திரும்பி வந்து 2013இல் சிட்னியின் ரூஸ்டர்ஸ் கிளப்போடு லீக் கோப்பை வென்று, மறுபடி யூனியனுக்குப் போய் 2015இல் இன்னொரு உலகக் கோப்பை வாங்கினார். பக்கத்துக் கிங்ஸ் ஸ்கூலில் யூனியன் ஆடிய ஜோசப் சுவாலியி 2021இல் 17 வயதில், என்.ஆர்.எல் என்ற தேசிய லீக் போட்டியின் 18 வயது விதிக்கு விசேஷ விலக்கு வாங்கி, லீக் ஆடத் தொடங்கினார். 2024 நவம்பரில் ட்விக்கனமில் இங்கிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலிய யூனியன் சட்டையில் இறங்கினார், ஆஸ்திரேலியா 42-37 என்று வென்றது. அதே வருடம் மார்க் நவகனிடவாசே எதிர்த்திசையில், யூனியனிலிருந்து ரூஸ்டர்ஸுக்குப் போனார். இவர்கள் அபூர்வமான ஆட்கள், நம் பிள்ளை சுவாலியி ஆகப்போவதில்லை, சரி. ஆனால் 14 வயதில் எடுத்த முடிவு ஆயுள் தண்டனை அல்ல என்பதற்கு இது போதும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதே கதைதான். ஷார்லட் காஸ்லிக் 2016 ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் (ஒரு பக்கம் ஏழு பேர் ஆடும் யூனியன்) தங்கம் வென்ற அணியில் இருந்தவர், 2020இல் ரூஸ்டர்ஸ் பெண்கள் அணியில் லீக் ஆடினார். ஒலிம்பிக் கனவு உள்ள பிள்ளைக்கு ஒரு தகவல்: ஒலிம்பிக்கில் இருப்பது யூனியன் குடும்பத்து செவன்ஸ் மட்டும்தான், லீக் இல்லை. மகள் மோதலே வேண்டாம் என்றால் ஆளை வீழ்த்தாமல் ஆடும் ஓஸ்டேக் இருக்கிறது, எதிராளியின் இடுப்பில் தொங்கும் பட்டையை இழுத்தால் போதும்.

"பிள்ளை ஒல்லி, அதனால் எது நல்லது?" என்றும் கேட்கிறார்கள். யூனியனில் இடத்துக்கு இடம் வேலை வேறு, குட்டையான கெட்டிக்காரப் பிள்ளை ஸ்க்ரத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் ஆகலாம், கனமான பிள்ளை முன்வரிசைக்குப் போகலாம். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரத்தை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்ற விதியும் உண்டு. லீக்கில் கிட்டத்தட்ட எல்லோரும் ஓடவும் வேண்டும், திரும்பத் திரும்ப ஆளைப் பிடிக்கவும் வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. ஓடிக்கொண்டே இருக்கப் பிடிக்கும் பிள்ளைக்கு லீக் இனிக்கும். நுணுக்கமும் குழப்பமும் பிடிக்கும் பிள்ளைக்கு யூனியன். இதைப் பிள்ளையிடம் கேட்டாலே சொல்லும், என்னிடம் கேட்கத் தேவையில்லை.

தனியார் பள்ளிகளின் ஸ்காலர்ஷிப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூனியனுக்காக இடம் கிடைத்தால் அது நல்ல வாய்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் போய் ஒரு வருடம் ஆட முடியாவிட்டால் சலுகை தொடருமா, வார இறுதியில் கிளப்பில் லீக் ஆட விடுவார்களா, இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள். லீக் கிளப்புகளின் இளையோர் அணிகள், அதாவது ஹரோல்ட் மத்யூஸ், எஸ்.ஜி. பால் கோப்பைகளுக்கான அணிகள், பிள்ளையைக் கூப்பிட்டாலும் அப்படியே: பயிற்சி வாரத்தில் எத்தனை நாள், பரீட்சைக் காலத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் யாருக்காவது ஒப்பந்தம் வாசிக்கத் தெரிந்தால் காட்டுங்கள். நம் சமூகத்தில் வக்கீலுக்கா பஞ்சம்.

தலையில் அடிபடுவதுதான் எனக்கு உண்மையான கவலை, அதில் இரண்டு ஆட்டமும் ஒன்றே. 2024இல் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, கன்கஷன் (அடிபட்டு மூளை குலுங்குவது) ஆன பிள்ளை அறிகுறி எதுவும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே மோதல் உள்ள பயிற்சிக்குப் போகலாம், அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் ஆன பிறகே போட்டியில் ஆடலாம். "தலையிடி போயிட்டுது சேர், இந்தச் சனி செமி ஃபைனல்" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். அந்த மெல்லிய தலைக்கவசம் காதையும் தோலையும் காப்பாற்றும், மூளை குலுங்குவதைத் தடுப்பதாக நம்பி வாங்காதீர்கள். முதலில் பாடத்துக்குத் திரும்பி, அது தாங்கினால்தான் பந்து. கன்கஷன் ஆன பிள்ளைக்கு எங்கள் வகுப்பில் நீண்ட வாசிப்பும் திரை வேலையும் குறைத்துத் தருவோம், ஆனால் அதற்கு நீங்கள் எங்களிடம் சொல்ல வேண்டும். பிள்ளை தானாகச் சொல்லாது, அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயம்.

கடைசியாக நம் சனிக்கிழமை. பெரிய தனியார் பள்ளிகளில் சனிக்கிழமை விளையாட்டு கட்டாயம், அதில் நான் சண்டை போட்டு வெல்ல முடியாது. கிளப் ஆட்டங்கள் வயதைப் பொறுத்து மாறும். ஆகவே இரண்டாம், மூன்றாம் தவணைகளில் ஏழாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு வெள்ளி மாலை ஒரு மாற்று வகுப்பு வைக்கிறோம். இது ஆட்டம் உள்ளவர்களுக்கு மட்டும், சனிக்கிழமை தூங்க ஆசைப்படுபவர்களுக்கு அல்ல. ஆட்ட அட்டவணை கையில் கிடைத்த வாரமே வகுப்பாசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். எச்.எஸ்.சி தமிழ் எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை அரைகுறைதான், வாய்மொழிப் பயிற்சி சனிக்கிழமைதான் நடக்கும்.

சென்டர்லிங்க் என்ற அரசு உதவி அலுவலகத்திடம் குடும்ப உதவி பெறும் குடும்பங்களுக்கு மாநில அரசு வருடத்தில் இரண்டு முறை 50 டொலர் வவுச்சர் தருகிறது, கிளப் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கத் தெரியாவிட்டால் அலுவலக மேசையில் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று, ஆட்டம் முடிந்து நேரே வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சேறு அப்பிய பூட்ஸை வெளி வாசலிலேயே கழற்ற வேண்டும். இது வாடகைக் கட்டடம், போன தவணையில் கம்பளம் கழுவிய பில் நம் பெயருக்குத்தான் வந்தது.

அன்புடன்,
தலைமையாசிரியர்