அன்னைக்கு போன்ல சொல்லாதது

அன்புள்ள கண்ணு,

போன ஞாயித்துக்கிழமை கூப்பிட்டப்போ, "கல்கத்தால ஓடினியாம்மா?"ன்னு கேட்டே. "ஓடினேன், நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு உன் இருமலுக்குப் பேச்சை மாத்திட்டேன். முக்காவாசிப் பொய் அது. வாட்ஸ்அப்ல எழுதினா பாதி படிக்கறப்பவே கூப்பிட்டுக் கத்துவே. அதனால உட்கார்ந்து கடிதமாவே எழுதறேன். உங்கப்பாவுக்கும் இன்னும் தெரியாது.

நீ போட்டுக் கொடுத்த அட்டவணைல அன்னைக்கு 50 நிமிஷம், பேசிக்கிட்டே ஓடற வேகம். டிசம்பர்ல 10 கிலோமீட்டர் ஓட வேண்டியவ, ஆபீஸ் ட்ரெயினிங்னு சொல்லி ஒரு வாரத்தைக் கோட்டை விடலாமா? வகுப்பு நாலரைக்கு முடிஞ்சது. நம்ம கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல ஓடற பழக்கத்துல நிதானமா டீ குடிச்சு, துணி மாத்தி, அஞ்சே காலுக்குக் கதவைத் திறந்தா வெளிய ராத்திரி. கடிகாரம் நின்னுபோச்சோன்னு கையை உதறிப் பார்த்தேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நமக்கும் கல்கத்தாவுக்கும் தீர்க்கரேகைல 11 டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு 4 நிமிஷம்னு அதுலயே 44 நிமிஷம் போச்சு. போதாததுக்கு, வடக்கே போகப்போகக் குளிர்காலத்துப் பகல் இன்னும் சுருங்குது. நம்மூர்ல ஆறு மணி சுமாருக்கு விழற சூரியன் நவம்பர் பாதில அங்க அஞ்சுக்கு முன்னாலயே ஓடிப்போயிடுது. 1948 வரைக்கும் கல்கத்தாவுக்குன்னு 24 நிமிஷம் முந்தின தனி நேரமே இருந்துச்சாம். அதை எடுக்காம விட்டிருந்தா நான் இப்படி ஏமாந்திருக்க மாட்டேன்.

திரும்பி உள்ள போயிருக்கணும். போகல. தெருவிளக்கு இருக்கு, ஜனம் நடமாடுதுன்னு ரவீந்திர சரோவருக்குக் கிளம்பிட்டேன். அது 1920-கள்ல வெட்டின ஏரி. 1958-லதான் தாகூர் பேரை வச்சாங்க. ஏரி எப்பவும் இடது கைப்பக்கம் இருக்கணும், அதுதான் என் மேப்பு.

முதல் இருபது நிமிஷம் என்ன சுகம் தெரியுமா! படகுத் துடுப்புப் போட்டு முடிச்ச பசங்க ஈரக்காலோட நீளமான படகைத் தோள்ல தூக்கிட்டுப் போறாங்க. தண்ணி மேல புகையாட்டம் பனி. நான் வேர்வைல தொப்பறையா நனைஞ்சு ஓடறேன், எதிர்ல வர்றவங்க எல்லாம் ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி கேப்! நம்ம ஊட்டிக்காரங்களே அந்தக் குளிருக்குச் சட்டைப் பட்டனைக்கூடப் போட மாட்டாங்க. பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கவலையா "டண்டா லேகே ஜாபே"ன்னாங்க. மறுநாள் கூட வேலை பார்க்கற பெங்காலிப் பொண்ணுகிட்ட அர்த்தம் கேட்டேன். "சளி புடிச்சுக்கும்"னு அர்த்தமாம். உங்க அம்மாயி பாஷைதான் போ.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, அந்த வளாகத்துக்குள்ள சின்னச் சின்னக் குட்டைகளும் இருக்கு. இருட்டுல ஏதோ ஒரு குட்டையை ஏரின்னு நினைச்சு இடது கைப்பக்கம் வச்சுட்டுச் சுத்தியிருக்கேன். ஒரே சிமெண்டுப் பெஞ்சு ரெண்டு தரம் வந்துச்சு. மூணாவது தரம் வந்தப்போ வயித்துல என்னவோ பண்ணிருச்சு. கிடைச்ச கேட்டு வழியா வெளிய வந்தா, நான் நுழைஞ்ச வாசல் இல்ல அது. ஆட்டோ ஸ்டாண்டு, நாலு ஆம்பளைங்க, ஒரு நாய். போனைக் கைல எடுத்தேன். "புது ஊர்ல நடுத்தெருவுல நின்னு மேப்பைப் பார்க்காதே, ஏதாவது கடைக்குள்ள போய்ப் பாரு"ன்னு நீ சொன்னது ஞாபகம் வர, திரும்ப இடுப்புப் பைக்குள்ளயே வச்சுட்டேன்.

அப்பத்தான் முதுகுக்குப் பின்னால லோக்கல் ட்ரெயின் சத்தம். ஏரிக்குத் தெக்கால ரயில் பாதைன்னு காலைல பார்த்து வச்சிருந்தேன். சத்தத்துக்கு முதுகைக் காட்டினா வடக்கு. அம்மா பொறந்தது கிராமத்துலடி, திசை சொன்னாப் போதும். நேரா நடந்தேன். மரங்களோட அகலமா ஒரு ரோடு குறுக்க வந்துச்சு, அதையும் தாண்டிட்டேன். நான் தேடின சதர்ன் அவென்யூவே அதுதானாம்! அதுக்கும் அந்தப்பக்கம் போய்க்கிட்டே இருந்தவளை நிறுத்தினது காபிக்கொட்டை வறுக்கற வாசம். தலைவாழை இலைக் கட்டு, கறிவேப்பிலை, தொடுத்த மல்லி. லேக் மார்க்கெட். தமிழ் ஜனங்க தலைமுறையா குடியிருக்கற பக்கம்னு அப்ப எனக்குத் தெரியாது. காபிப்பொடிக் கடைப் பெரியவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "எங்கேருந்தும்மா ஓடி வரேள்?"னு கேட்டார். "கோயமுத்தூர்லேருந்துங்க"ன்னு வாய் தவறி வந்துருச்சு. அவர் சிரிச்ச சிரிப்புல எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. ஸ்டூலைப் போட்டு உட்கார வச்சு, போன்ல வழி பார்த்துக் கொடுத்தார். கால் கிலோ பொடி வாங்கினேன், பாதி சிக்கரி.

ரூமுக்கு வந்து உனக்குக் கூப்பிடலாம்னு நம்பரை எடுத்தேன். "ஒண்ணும் ஆகலையே, எதுக்குச் சொல்லணும்"னு தோணுச்சு. வச்சுட்டேன். அப்படி வச்சப்பத்தான், ஜெர்மனில அந்த ஹாம்பர்க்ல, டிசம்பர் மாசம் நாலு மணிக்கே இருட்டிடற ஊர்ல, வேலை முடிஞ்சு ஆல்ஸ்டர் ஏரியை 7.4 கிலோமீட்டர் தனியா சுத்திட்டு வந்து "நல்லா இருந்துச்சும்மா"ன்னு நீ சொல்லுவியே, அது காதுல கேட்டுச்சு. அத்தனை வருஷமும் நீ மறைக்கறேன்னு நினைச்சு உங்கப்பாகிட்ட மூக்கைச் சிந்தியிருக்கேன். இனிமே துருவிக் கேட்க மாட்டேன். ஆனா அப்படி எத்தனை பெஞ்சு உனக்கு மூணு தரம் வந்துச்சுன்னு ஒரு நாள், நீயா தோணறப்போ, சொல்லு.

அப்புறம், போன வருஷம் பச்சை மஞ்சள்ல பளபளன்னு ஒரு மேல்சட்டை போட்டுப் போட்டோ அனுப்பியிருந்தே. ரோடு போடற ஆளாட்டம் இருக்கேன்னு கேலி பண்ணினேன். அது என் அளவுல கிடைக்குமா? மீடியம் பத்தாது, லார்ஜ் பாரு. பொங்கலுக்கு வர்றப்போ எடுத்துட்டு வா. காபிப்பொடியைப் பிரிக்காம வச்சிருக்கேன்.

அம்மா