மாப்ள, நம்பர் அதேதான்

டேய் மாப்ள,

நீ நாலு தடவை கூப்பிட்டும் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்ததாம், கடைசியில் என் வீட்டுக்காரிக்கு அடித்து "அவன் உயிரோடதான் இருக்கானா" என்று கேட்டாயாம். இருக்கிறேன். போன்தான் செத்துப்போச்சு. இந்த மெயில் என் பையன் பெயரில் வருகிறதே என்று பார்க்காதே, என்னுடையதைத் திறக்கப் போனால் உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்கிறது.

11 மாதம்தான் ஆச்சு, 32,000 ரூபாய். போன திங்கட்கிழமை காலையில் சார்ஜிலிருந்து எடுத்தேன், கறுப்பாகவே இருந்தது. வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் தில்லைநகர் சர்வீஸ் சென்டருக்குப் போய் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பையன் சிம் ட்ரேயை உருவி, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்களே பாருங்க" என்றான். உள்ளே அரிசி நொய் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். வெள்ளையாக இருக்க வேண்டுமாம், சிவந்திருந்தது. "தண்ணி போயிருக்கு சார், வாரண்டில வராது. போர்டு மாத்தணும், 17,500 ஆகும்."

நான் அதைத் தண்ணீரில் போட்டதே இல்லைடா. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக் ஓட்டுவேன், அவ்வளவுதான். சொன்னேன். "அப்ப வேர்வையா இருக்கும் சார்" என்றான். திருச்சியில் வேர்க்காதவனுக்குத்தான் வாரண்டி போலிருக்கிறது. விளம்பரத்தில் ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டே பேசுவாளே, அதே போன்தானே என்று கேட்டதற்கு, "அது வாட்டர் ரெசிஸ்டன்ட் சார், வாட்டர் ப்ரூஃப் இல்ல" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்லியிருப்பான், அவனைத் திட்டி என்ன பண்ண.

அப்புறம் கஸ்டமர் கேர். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன், 25 நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருவர் வந்து இந்தியில் ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுக்கதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு "போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா" என்றார் பாரு!

வெறுத்துப்போய் வேறு கம்பெனியில் புதுசு ஒன்று வாங்கிவிட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், என்னுடையது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் (மச்சான் பேச்சைக் கேட்டு மாற்றியது), பழைய போனோடு அதுவும் போச்சு. கடைக்குப் போய் ஆதார், கைரேகை எல்லாம் கொடுத்து சாதா சிம்மாக வாங்கினால், 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது என்கிறார்கள். அடுத்தவன் நம் பெயரில் சிம் வாங்கி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடாமல் இருக்க அரசாங்கம் போட்ட ஏற்பாடு அது. நியாயமானதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஓடிபி இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாள் வாழ்ந்து பார். யுபிஐ ஆப்பைத் திரும்பப் போட்டால் நம் போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போனால்தான் அது நம்மை நம்பும். டீக்கடையில் குடித்து முடித்துவிட்டுத்தான் பையில் காசே இல்லை என்பது உறைத்தது. 20 வருஷமாகப் பழகும் டீக்கடைக்காரர் "நாளைக்குக் குடுங்க சார்" என்றார். அவர் ஓடிபி கேட்கவில்லை.

நாளை மதியம் எல்லாம் சரியாகிவிடுமாம். போர்டு விஷயத்தை நான் விடப்போவதில்லை, 1915-இல் நுகர்வோர் உதவி மையத்துக்குப் போட்டுப் புகாரைப் பதிந்துவிட்டேன். பதில் வந்தால் சொல்கிறேன், வராவிட்டால் கன்ஸ்யூமர் கோர்ட்டுதான். வீட்டில் "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறாள்.

போனில் பேசியிருக்கலாம்தான். பேச ஆரம்பித்தால் கத்திவிடுவேன், பி.பி. மாத்திரை வேறு இப்போது ஒன்றரையாக ஏறியிருக்கிறது.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுது, லீவு போட வேண்டும். அப்புறம், வாட்ஸ்அப் பேக்கப்பை நான் கடைசியாக எடுத்தது சித்திரையிலாம். ஆடியில் நாம் குற்றாலம் போனபோது எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உன்னிடம் இருப்பதையெல்லாம் அனுப்பு, நீ வழுக்கி விழுந்த வீடியோ உட்பட. நாளை மதியத்துக்கு மேல் அனுப்பு.