போடிக்குப் போகுமுன்: எங்கள் பயணிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பக்கம் எங்கள் வேனில் வருபவர்கள், இன்று ஆளில்லாத பழைய தங்கச் சுரங்க ஊரான போடியில் (Bodie) இறங்கியதும் கேட்பது: "வீடெல்லாம் சாய்ந்து நிற்கிறதே, பழுதுபார்க்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. பதிலைத் தெரிந்துகொண்டு போனால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

1859இல் இங்கே தங்கம் கண்டவர்களில் ஒருவர் டபிள்யூ. எஸ். போடி. ஊருக்கு அவர் பெயர்தான். ஊர் வளர்வதை அவர் பார்க்கவில்லை, பனிப்புயலில் இறந்துபோனார். 1870களின் பிற்பாதியில் வளமான தாது கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் குவிந்தார்கள். தாது குறையக் குறைய கிளம்பியும் விட்டார்கள். 1932இல் தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. 1942இல் கடைசிச் சுரங்கமும் மூடியது.

மிஞ்சியது நூற்றுச் சொச்சம் கட்டடங்கள். 1962 முதல் மாநிலப் பூங்காத் துறை அவற்றைக் காக்கிறது. கூரை ஒழுகினால் அடைப்பார்கள், சுவர் சரிந்தால் முட்டுக்கொடுப்பார்கள். ஆனால் புதுப்பிக்க மாட்டார்கள். விட்டுப்போன சாமான்கள் உள்ளேயே கிடக்கின்றன. ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பாருங்கள்: கடை அலமாரியில் தூசி படிந்த டப்பாக்கள், பள்ளிக்கூடத்தில் மேசைகளும் ஓர் உலக உருண்டையும், உரிந்து தொங்கும் சுவர்க்காகிதம். பெயிண்ட் அடித்து வைத்தால் இது வெறும் சினிமா செட்டாகிவிடும் என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறோம், கீழே கிடக்கும் துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்காதீர்கள். சட்டப்படியும் குற்றம். எடுத்துப்போன சிலர் கெட்ட காலம் பிடித்தது என்று மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் உண்டு. சாபத்தை நம்புவது உங்கள் விருப்பம். எங்களுக்குக் கவலை, ஆளுக்கொரு ஆணி போனால் ஊரே போய்விடும் என்பதுதான்.

தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்த ஸ்டாண்டர்ட் ஆலையைத் தவறவிடாதீர்கள். அந்தக் காலத்தில் இரும்பு உலக்கைகள் தாதுப் பாறையை இடித்துப் பொடியாக்கும். பொடி தண்ணீரோடு கலந்த குழம்பு பாதரசம் பூசிய தகடுகள் மேல் ஓடும்போது தங்கம் ஒட்டிக்கொள்ளும். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம்.

அங்கே சாப்பாட்டுக் கடையோ பெட்ரோல் பங்கோ கிடையாது. மதியச் சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம். 395ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 13 மைல். கடைசி 3 மைல் மண்பாதை, வேன் குலுங்கும். உயரம் 8,375 அடி. மூச்சுத் தொந்தரவோ இதய நோயோ உள்ள பெரியவர்களை அழைத்து வருவதென்றால் முன்பதிவுக்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கோடையிலும் காற்று சில்லென்று அடிக்கும், ஸ்வெட்டர் அவசியம். குளிர்காலத்தில் பனி பாதையை மூடிவிடுவதால் அப்போது இந்தப் பயணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்