மூன்று மாதம் கொழுந்து மூட்டை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவக் காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறுவையை நன்றாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் கட்டுரை முடிந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கு அப்புறம் நடப்பதைத்தான் வீடு வீடாகப் பார்த்தேன்.

பிரசவம் இழுத்துக்கொண்டே போய், குழந்தையின் தலை மூத்திரப் பையை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்தினால், அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் சதை செத்து ஓட்டை விழும். சிறுநீர் நிற்காமல் ஒழுகும். சிசேரியன் வசதி வந்தபின் நம் பக்கம் இது குறைந்துவிட்டது. ஆசனவாய் வரை கிழிகிற காயம் இன்றும் வருகிறது. இரண்டையும் தைக்கலாம், பெரும்பாலும் ஆறிவிடும்.

ஆற வேண்டுமானால் அதற்கு விட வேண்டுமே. ஓட்டையை மூடியவர்களுக்கு மூத்திரம் வடிய ஒன்றிரண்டு வாரமாவது டியூப் இருக்கும். மூத்திரம் தெளிவாகப் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்கணும். மூன்று மாதம் போல தாம்பத்தியம் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அடுத்த பிரசவம் பெரும்பாலும் சிசேரியன்தான். ஆசனவாய்க் கிழிசல் என்றால் மலம் இறுகவே கூடாது. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் வைக்கிற பத்தியமோ இதற்கு நேர் எதிர்: தண்ணீரைக் குறை, காய்கறி வேண்டாம், பூண்டும் கருவாடும் போதும். மாமியாரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

தேயிலை எஸ்டேட் பெண்கள் பாடு இன்னும் மோசம். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மழை நாளில் நனைந்த கொழுந்து மூட்டையை எடை போடும் இடம் வரை சுமந்து இறங்க வேண்டும். தேயிலைக் காட்டில் கழிப்பறை ஏது? அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்வார்கள். பிரசவத்தால் வரும் நோய்க்கு ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கூடுதல் விடுப்பு என்று 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது. கேட்டு வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சொந்தமாக அரை ஏக்கர் வைத்திருப்பவளுக்கு அந்த விடுப்பும் கிடையாது. கணவனோ நாத்தனாரோ மூட்டையைத் தூக்கினால்தான் உண்டு.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயனில் ஒரு பெண்ணுக்கு அறுவை நன்றாகவே முடிந்திருந்தது. ஒழுகல் நின்றுவிட்டது. ஆனாலும் துணியை மடித்து வைத்துக்கொள்வதை விடவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் நாற்காலியில் உட்கார மாட்டாள். "நர்ஸம்மா, இருமுனாலே பக்குனு இருக்கு" என்றாள். டாக்டர் சரியாகிவிட்டது என்றாரே, இன்னும் ஏன் ஒதுங்குகிறாள் என்று கணவனுக்குக் கோபம். அவன் கெட்டவன் இல்லை. அவனைக் கூப்பிட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டை முழுசாக மூடிய பிறகும் சிலருக்கு இருமினால், தும்மினால் கொஞ்சம் ஒழுகும். தையல் பிரிந்துவிட்டது என்று பயந்து வெளியே சொல்ல மாட்டார்கள். மூத்திரத்தை அடக்குவதுபோல் அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பலருக்கு இதைக் குறைக்கும். டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பிக்கலாம். சரி, யார் கற்றுத்தருவது? 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்த பெரியவருக்கு வருபவர், அதே லயனில் இருக்கும் இந்தப் பெண்ணையும் பார்த்துவிட்டுப் போகலாமே.

மனச்சோர்வு உண்டா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது. பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும்போது தாயிடம் கேட்டுவிடலாம். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும்.

ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே வந்துவிட்டது. அங்கிருந்தே இதை ஆரம்பிக்கலாம்: எத்தனை மாதம் மூட்டை தூக்கக் கூடாது, எப்போது திரும்ப வர வேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டு. ஒரு பிரதி வீட்டுக்கு, இன்னொன்று எஸ்டேட் ஆபீசுக்கு. ஆபீசுக்குப் போவதில் நோயின் பெயர் வேண்டாம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, டாக்டரோடு ஒரு கணவரிடமும் பேசிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி