அந்த ரிப்போர்ட்டைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பின்கட்டு ஓடு மாற்றியாகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வரும் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. மற்ற சமாச்சாரமெல்லாம் அப்பா போனில் சொல்வார்.

போன மாதம் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பினாய். டெஸ்ட் டியூப் முறையில் ஆய்வகத்தில் உருவான உங்கள் ஐந்து கருக்களின் ரிப்போர்ட், ஒவ்வொன்றுக்கும் நேரே வரிசையாக மதிப்பெண்கள். கொஞ்ச நேரத்தில் அழித்தும் விட்டாய். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் நீ பேசும்போதெல்லாம் குட்டியின் பள்ளிக்கூடம், அங்கத்திய விலைவாசி, மாப்பிள்ளையின் வேலை என்றுதான் போகிறது. நானும் கேட்கவில்லை. கேட்டால் "இது எங்க விஷயம்மா" என்பாய். உங்கள் விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு டெஸ்ட் டியூப் மேல் எந்தக் கோபமும் கிடையாது. 1990-இல் சென்னையில் கமலா செல்வராஜ் டாக்டர் கையில் அப்படி ஒரு குழந்தை பிறந்தபோது நாங்கள் நர்ஸுகள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இவ்வளவு ஊசியையும் வலியையும் தனியாகத் தாங்குகிறாயே, பக்கத்தில் இருந்து ஒரு வாய் ரசம் ஊற்ற முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியா இருக்கிறதா என்று பார்த்தீர்கள் என்றால் நூறு தடவை பாருங்கள். பேரையூர் சித்தி பட்டதை நாம் பார்த்தோம். அதை இந்த ஊர்ச் சட்டமும் தடுக்கவில்லை.

ரிப்போர்ட்டில் இருந்த மற்ற பத்திகள்தான் எனக்குப் புரியவில்லை. உயரத்துக்கு ஒரு எண், அறிவுக்கு ஒரு எண். நம் பழைய டாக்டரம்மாவிடம், யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். அவர் விளக்கினார். ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகளைக் கூட்டிக் கழித்துப் போடுகிற கணக்காம் அது. அதற்கு அடிப்படையான தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளிக்காரர்களுடையதாம். நம்மைப் போன்றவர்களுக்கு அது இன்னும் குறைவாகத்தான் பொருந்துமாம். 2019-இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: பத்துக் கருவில் மதிப்பெண் கூடினதை எடுத்தாலும் சராசரியாக உயரம் 2.5 சென்டிமீட்டர், ஐ.க்யூ. 2.5 புள்ளி, அவ்வளவுதான் கூடும். உன்னிடம் இருப்பது ஐந்து. ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் 2021-இலேயே இது நிரூபிக்கப்படாதது, அறமற்றது என்று சொல்லிவிட்டது. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற நிபுணர்கள் சங்கமும் 2024-இல் இது சிகிச்சையில் பயன்படுத்தும் நிலைக்கு வரவில்லை என்றது.

இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்கில் நீ வாங்கிய மார்க்கை இன்னும் உன் பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். பஸ்ஸில் யாராவது கேட்டால் "என் மகள் டேட்டா சயின்ஸ்" என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். அப்படிப்பட்டவள் காசு கொடுத்து இந்த எண்களை வாங்கலாமா? நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பாய்? கம்பெனி "நாங்கள் வாய்ப்பைத்தானே சொன்னோம்" என்று சொல்லிவிடும். பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளையாகிவிடும்.

சரி, நான் கேட்க வந்தது அதுவும் இல்லை. கடைசிப் பத்தியில் எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் என்று, அதாவது பெண், ஆண் என்று போட்டிருந்ததே, அது.

இந்த ஊரில் நான் எந்தக் காலத்தில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். 1986-இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை எழுதிய பிறகு உசிலம்பட்டி என்றாலே கள்ளிப்பால்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அதற்குள் ஸ்கேனும் வந்துவிட்டது. பெண் சிசுக்களின் சாவுகள் குறைகின்றன என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் பதிவேட்டில் மூன்றாம் மாதம் எழுதிய பெண், ஐந்தாம் மாதம் போய்க் கதவைத் தட்டினால் "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்பார்கள். திரும்பி வரும்போது வயிறு இருக்காது. எல்லா வீட்டிலும் முதல் குழந்தை பெண். ஸ்கேன் மெஷின் நல்லதுக்கு வந்ததுதான். பிள்ளை தலை திரும்பியிருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்க்க வந்தது. அதை எதற்குக் கேட்டார்கள் என்பதுதான் கெட்டது.

ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் திருத்தி, கருத்தரிக்கும் முன்பே தேர்ந்தெடுப்பதையும் ஆய்வகத்தில் இருக்கும் கருவையும் சேர்த்தார்கள். அந்தக் கடைசிப் பத்தியை மதுரையில் ஒரு டாக்டர் உன் கையில் கொடுத்திருந்தால் அவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. பிரிட்டனிலும் கனடாவிலும் நோய்க் காரணம் இல்லாமல் ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்க முடியாது. நீ இருக்கும் அமெரிக்காவில் அதைத் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் இல்லை என்பதால் அது சரியாகிவிடுமா?

யாரையும் கொல்லவில்லையே, சில செல்கள்தானே என்பாய். நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? தனக்குக் கர்ப்பம் வேண்டாம் என்று ஒரு பெண் கருவைக் கலைப்பதற்கும் நான் எதிரியில்லை. 1971 கருக்கலைப்புச் சட்டத்தை வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான். நான் யோசிப்பது குட்டியைப் பற்றி. அவளுக்கு ஆறு வயது. இன்னும் பத்து வருஷத்தில் அவளுக்கு எல்லாம் புரியும். அம்மாவும் அப்பாவும் இரண்டாவது தடவை கையில் பட்டியல் வைத்துக்கொண்டு பெண் கருக்களைத் தள்ளி வைத்தார்கள் என்று தெரிந்தால் அவள் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள்? நீ பிறந்தபோது அப்பத்தா சொன்னதும், வாசலில் நின்று உன் அப்பா சொன்ன பதிலும் உனக்குத் தெரியும்.

சம்மந்தியம்மா பேரன் பேரன் என்பது என் காதிலும் விழுகிறது. நான் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நல்லவர், நீ எடுத்துச் சொன்னால் கேட்பார். நான் தப்பாகவே நினைத்திருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, என்மேல் கோபப்படு, பரவாயில்லை.

ஒன்று மட்டும் செய். நோய் இல்லாத கருக்கள் எவை என்று தெரிந்த பிறகு, அதில் எதை வைப்பது என்பதை ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் விட்டுவிடு. கருவின் வளர்ச்சியைப் பார்த்து அவர்கள் எடுக்கட்டும். ஆணா பெண்ணா என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு. அப்படிக் கேட்டால் செய்வார்களாம், டாக்டரம்மா சொன்னார். நீங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டீர்கள்தான். இருந்தாலும் எடுக்கிற கை உங்களுடையதாக இருக்க வேண்டாம். மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதே, மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். பிரசவத்துக்கு நான் வருவதா சம்மந்தியம்மா வருவதா என்று முன்கூட்டியே சொல்லிவிடு, டிக்கெட் பார்க்க வேண்டும். போன் பண்ணுவதானால் அப்பா டீக்கடைக்குப் போகிற சாயங்கால நேரத்தில் பண்ணு.

அம்மா