முதல்ல கல்ச்சர், அப்புறம் ஊசி

மதுரையில் தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். அம்மாவுக்குத் துணையாக ஒன்பது நாள் உங்கள் வார்டுகளில் ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரி என்பதை விட்டுவிடுவோம், சண்டை போட எழுதவில்லை.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு, அதோடு குளிர்காய்ச்சல். ராத்திரி பதினோரு மணிக்குச் சேர்த்தோம். அரை மணி நேரத்தில் கையில் மருந்து ஏற்றுகிற வென்ஃப்லான் ஊசிக்குழாயைக் குத்தி, மெரோபெனம் என்கிற பலமான ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்கிற மருந்து) ஏற ஆரம்பித்துவிட்டது, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற யூரின் கல்ச்சருக்கு டப்பாவை நீட்டியது மறுநாள் சாயங்காலம், அதற்குள் மூன்று டோஸ் போயாச்சு. இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி எதுவும் இல்லை' என்று வந்தது. எப்படி இருக்கும்? களைக்கொல்லி அடித்த வயலில் போய் என்ன களை முளைத்திருந்தது என்று தேடுகிற கதைதான். என்ன கிருமி என்றே தெரியாததால் சாதாரண மருந்துக்கு இறங்க யாருக்கும் தைரியம் வரவில்லை, கடைசி வரை அதே மெரோபெனம். (பில்லைப் பற்றி இங்கே பேசவில்லை, அது தனி அழுகை.) டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர் இருந்தது, எதற்காகக் கொடுத்தார்கள் என்பது இல்லை.

உயிர் போகிற நிலையில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருங்கள் என்று சொல்லவில்லை. ஊசிக்கு முன்னால் ரத்தமும் சிறுநீரும் பிடித்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தபோது மெரோபெனத்தைக் கவனத்தோடு கொடுக்க வேண்டிய வகையில்தான் வைத்தது. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போய்விடும், அதைத் தடுக்க வேண்டும் என்று 2012இல் டாக்டர் சங்கங்களே கூடிப் பேசிச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்று வந்தது. சென்னையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகிறபோது மதுரை, பிரகடனம் மட்டும் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று தெரியவில்லை. 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகமும் மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி, ஆன்டிபயாடிக் எழுதினால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டது. உங்கள் ஆஸ்பத்திரி கல்லூரி இல்லைதான், ஆனால் பேனா ஒன்றுதானே?

சரி, எங்கள் பக்கமும் தப்பு உண்டு. ஊசி போடாமல் அனுப்பினால் கைராசி இல்லாத டாக்டர் என்போம். சளி பிடித்தால் மெடிக்கலில் போய் 'அண்ணே, ஒரு செட் மாத்திரை குடுங்க' என்போம், அவரும் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பார், அதில் செஃபிக்ஸிம் என்கிற ஆன்டிபயாடிக்கும் இருக்கும். சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது, யாருக்குக் கொடுத்தோம் என்று தனி நோட்டில் எழுதியும் வைக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது. எங்கள் ஊர்க் கடையில் அந்த நோட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனால் கடைக்காரரையும் எங்களையும் திருத்துவதைவிட உங்கள் வேலை சுலபம். ஊசிக்கு முன் கல்ச்சர் எடுங்கள், கேஸ் ஷீட்டில் காரணத்தை எழுதுங்கள். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வரும்போது ரிப்போர்ட்டைப் பார்த்து 'இது இன்னும் வேணுமா' என்று நர்ஸம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கும் காதில் விழட்டும்.

அம்மாவுக்கு மறுபடியும் கடுக்கிறதாம். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன். டப்பா வாங்கிவிட்டேன், பையிலேயே இருக்கிறது.