சாங்கியில் காத்திருக்கும் நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மெல்பர்னில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்லும் வழியில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க நேர்ந்தபோது, நாற்காலியில் உறங்கிக் கழிக்காமல், நானும் மனைவியும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே சென்றுவந்தோம். விமான நிலையத்தை ஒட்டி 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியின் சாரல் அவர் மூக்குக்கண்ணாடியில் பொடிப்பொடியாகப் படிந்ததை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். பின்னர் எக்ஸ்போ நிலையத்தில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைத் தரிசித்து, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பினோம்.

இதற்கு விசா விதிகளை முன்கூட்டியே பார்த்து, இணையவழி வருகை அட்டையையும் நிரப்பியிருக்க வேண்டும் என்பதை, பிள்ளைகளைக் காணத் தனியே பயணிக்கும் முதியோருக்குப் பயண முகவர்கள் டிக்கெட் கொடுக்கும்போதே எடுத்துச்சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி